தம்பிக்கு கார்டிசால் பார்க்கச் சொல்கிறார்கள், பார்க்கலாமா?

மேட்டு வீடு:
கம்பத்திலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு எட்டு வருஷமாக மனச்சிதைவு நோய். மாத்திரை தவறுவதில்லை, காதில் குரல் கேட்பது நின்று ரொம்ப நாளாச்சு. ஆனால் ஆட்களோடு ஒட்டமாட்டான். காலை ஆறு மணிக்கு ஏலத்தோட்டத்து ஜீப் வரும். தூக்குவாளியோடு ரோடு வரைக்கும் போவான், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடுவான். ஒரு லேபில், "கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் எகிறியிருக்கும், குறைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

ஏலவாசம்:
எடுங்கள் அண்ணா. மூளையில் ஹைப்போதலாமஸ், அடுத்து பிட்யூட்டரி, அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி என்று உத்தரவு இறங்கித்தான் கார்டிசால் சுரக்கிறது. இந்த அமைப்புக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு உண்டு என்று வாக்கர், டிஃபோரியோ என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1997லேயே எழுதிவிட்டார்கள். நோய் உடம்பில் இருக்கும்போது மனசை மட்டும் பார்த்து என்ன செய்ய?

சுருளிப்பட்டியான்:
ஹார்மோனாம்! குமுளி ஏறி காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் எல்லாம் கார்டிசால் பார்த்துவிட்டா ஜீப்பில் ஏறுகிறார்கள்? கையைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். வேலைக்குப் போனால் நாலு பேரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

தேக்கடி அக்கா:
எல்லைக்கு இந்தப் பக்கம் மனநலப் பிரிவில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஏலவாசம் தம்பி, நீங்கள் சொன்ன பாதை சரி, முடிவுதான் தப்பு. கார்டிசால் விடிகாலையில் ஏறி நடுராத்திரியில் இறங்கும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணிக்குள் இன்னொரு எகிறு எகிறும். இந்த நோய் இருப்பவர்களில் பலருக்கு அந்த எகிறலே மந்தமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கூட்டத்துக்கு முன்னால் பேசவிட்டுச் சோதித்தாலும் மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு இவர்களுக்கு ஏறுவதில்லை. அப்புறம் எதைக் குறைப்பது? இந்த நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபைன் போன்ற மாத்திரைகளே கார்டிசாலை இறக்கக்கூடியவை. ஒரு நாள் காலை எடுத்த ஒரு குழாய் ரத்தம், தம்பி ஏன் ஜீப்பில் ஏறவில்லை என்று சொல்லாது. அட்ரினல் கோளாறு என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அது வேறு கதை.

ஏலவாசம்:
சரி அக்கா, மந்தம் என்றே வையுங்கள். உடம்பு ஏறி நிற்க வேண்டிய நேரத்தில் ஏறாவிட்டால் ஆட்களைச் சமாளிப்பது கஷ்டம்தானே? என் கட்சிக்குத்தானே வலு சேர்க்கிறீர்கள்?

தேக்கடி அக்கா:
அப்படியும் இருக்கலாம். ஆனால் கார்டிசால் அளவுக்கும் ஆட்களோடு பழகும் திறனுக்கும் தொடர்பு சில ஆய்வுகளில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. அதை வைத்து ஒருவருக்கு வைத்தியம் முடிவு செய்ய முடியாது. மேட்டு வீடு அண்ணே, ஒன்று கேட்கிறேன். ஜீப் வரும்போது பக்கத்தில் யார் நிற்பது?

மேட்டு வீடு:
அப்பா. வாசலில் நின்றபடி "இன்னைக்காவது ஏறுடா" என்பார். ரோடு வரைக்கும் கேட்கும். மத்தியானம் சாப்பிடும்போதும் அதே பேச்சு. பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே தம்பி அப்படியே இருப்பான், வாய்க்குப் போகாது.

தேக்கடி அக்கா:
நினைத்தேன். 1972ல் லண்டனில் பிரவுன், பர்லி, விங் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் பார்த்தது இதைத்தான். குத்திப் பேசுகிற, அல்லது ஒரேயடியாகப் பொத்திப் பொத்தி வைக்கிற வீட்டுக்குத் திரும்பியவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். மாத்திரையோடு வீட்டுப் பேச்சும் கணக்கில் வரும்.

சுருளிப்பட்டியான்:
லண்டன் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். நம் ஊரில் அப்பா திட்டாமல் யார் வளர்ந்தான்?

தேக்கடி அக்கா:
சண்டிகரிலும் பார்த்தார்கள் ஐயா. அந்த மாதிரிக் கடுமையான வீடுகள் லண்டனைவிட அங்கே குறைவாகவே இருந்தன. நம்மிடம் இருக்கிற நல்லதை நாமே ஏன் கெடுக்க வேண்டும்? வேலை வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். வேலை பார்ப்பவர்கள் தேறி வருவதை வார்டில் கண்ணால் பார்க்கிறேன். பத்துப் பேர் ஜீப்பில்தான் ஆரம்பிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஏலவாசம்:
இந்தச் சண்டையில் ஹார்மோனை மறந்துவிடாதீர்கள். அப்பா குரல் கேட்டதும் கை நிற்கிறதே, அது உடம்பில்லாமல் வேறென்ன?

மேட்டு வீடு:
டெஸ்ட் எடுக்கவில்லை. அடுத்த தடவை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா மகன் தோட்டத்து ஸ்டோருக்கு விறகு ஏற்றிக்கொண்டு பிக்கப்பில் போவான், முன்சீட் காலியாகத்தான் இருக்கும். கேட்டேன், திங்கள்கிழமை கூட்டிப்போகிறேன் என்றான். அந்த நேரத்துக்கு அப்பாவைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும், அதுதான் பெரிய பாடு.

சுருளிப்பட்டியான்:
பிக்கப் வைத்திருக்கும் சொந்தக்காரன் எல்லாருக்கும் வாய்க்குமா? மற்றவன் ஜீப்பில்தான் ஏற வேண்டும். சரி, திங்கள்கிழமை போனானா என்று எழுதுங்கள்.