அரை மாத்திரைதானே என்று கொடுத்தது

செல்லூர்க்காரன்:

போன மாசியில் நடந்தது. இன்னும் தொண்டையில் நிற்கிறது, அதனால் எழுதுகிறேன். கருப்பன், எங்கள் வீட்டுக் கடுவன் பூனை, மூன்று கிலோ இருப்பான். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் நூல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா காதைத் தொட்டுப் பார்த்து, "நெருப்பாக் கொதிக்குதுடா" என்றார். பாரசிட்டமால் 650-இல் பாதியைக் கரண்டிக் காம்பால் நுணுக்கிப் பாலில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட்டார். முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

ராத்திரி பத்து மணிக்கு முகம் உப்பிப் போயிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு கண்மாய்ச் சேற்று நிறம். கால்நடை டாக்டர் அவன் காலில் ஊசி வைத்து ரத்தம் எடுத்தார். சிரிஞ்சில் ஏறியது ரத்தம் மாதிரியே இல்லை, கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைப் பஞ்சில் விட்டுக் காட்டினார். காற்றுப் பட்டால் சிவக்க வேண்டும், சிவக்கவில்லை. "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று மட்டும்தான் கேட்டார். திட்டவில்லை.

விடிவதற்குள் போய்விட்டான்.

325 மில்லிகிராம், மூன்று கிலோ உடம்புக்கு. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பாதிப்பு வந்த பூனைகள் உண்டு என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

திருமங்கலம் அக்கா:

தம்பி, மனசு பாரமாகிவிட்டது. எங்கள் வீட்டில் மாத்திரை வேறு, கதை இதேதான். பூனை நொண்டியது என்று என் அப்பா, தனக்கு இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரின் 75-ஐ மூன்று நாள் தினமும் ஒன்று கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் பின்வாசலில் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போயிருந்தது. சிகிச்சை பார்த்துப் பிழைத்தது.

ஒன்று சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். காதைத் தொட்டுக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். பூனைக்கு இயல்பான சூடே 100.5-இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. நம் 98.4 உள்ள கைக்கு அது எப்போதும் கொதிக்கத்தான் செய்யும், அதுவும் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். ஆஸ்பிரின் விஷயமும் அப்படித்தான். நமக்குச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும் மருந்து, பூனை உடம்பில் ஒன்றரை நாள் ஆனாலும் பாதிதான் இறங்கும். அதற்குள் அடுத்த மாத்திரையைப் போட்டால் மேலே மேலே ஏறிக்கொண்டேதான் போகும். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே காட்டிவிடுங்கள். சாப்பிடாத பூனைக்கு, குண்டான பூனைக்கு முக்கியமாக, கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். கடுவன் என்றால் சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள். அடைத்துக்கொண்டால் அதுவும் உயிருக்கு ஆபத்து. பாதிப் பேர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெயோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மேலூர்ப் பக்கம்:

எல்லோரும் இப்படிப் பயமுறுத்தினால் எப்படி? எங்கள் தோட்டத்துப் பூனைக்குக் குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப் கொஞ்சம் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே எலி பிடித்தது. கால்நடை டாக்டர்களே மனுஷ மருந்துக் கடைக்குத்தானே சீட்டு எழுதுகிறார்கள்? இங்கிருந்து டவுனுக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போக எல்லோராலும் முடியுமா? செல்லூர்த் தம்பியின் பூனை ஏற்கெனவே நோயில் இருந்தது. மாத்திரையால்தான் செத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

கோரிப்பாளையம்:

மேலூர் அண்ணனுக்கு. ரத்தம் காப்பி நிறத்துக்கு மாறியது நோயால் அல்ல. நம் கல்லீரல் பாரசிட்டமாலில் பெரும்பகுதியை ஒரு சர்க்கரைப் பொருளோடு கோத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். அப்படிக் கோக்கும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. தேங்கியது நஞ்சாக மாறி, ரத்தச் சிவப்பணுவைப் பிராணவாயு சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. மூச்சு இழுத்தும் பூனை மூச்சுத் திணறுவது அதனால்தான். நாய்க்கும் இது ஆபத்துதான், பூனைக்குப் பல மடங்கு. உங்கள் பூனை பிழைத்தது நல்லது. எவ்வளவு சிரப் உள்ளே போனது, எவ்வளவு துப்பியது என்று உங்களுக்குத் தெரியாது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100.

டாக்டர்கள் மனுஷ மருந்து எழுதுகிறார்கள் என்பது உண்மை. என் கதையே அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் சிட்டுவுக்கு மாத்திரை கொடுத்ததை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். கால்நடை டாக்டர் அசிட்டைல்சிஸ்டீன் என்று எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்குச் சளி கரைக்கக் கொடுப்பதும் பாரசிட்டமால் நஞ்சை முறிக்கக் கொடுப்பதும் அதே மருந்துதான். ராத்திரி பதினோரு மணிக்குப் பெரியாஸ்பத்திரி எதிரே கடை கடையாக ஏறி இறங்கினேன். நான்காவது கடையில் கிடைத்தது. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அயிரை மீன் வாசனைக்கு எழுந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது: மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு வரணும், கொடுத்த நேரத்தைச் சொல்லணும், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பால் கொடுத்து முறிக்கப் பார்க்கக் கூடாது.

திருப்பரங்குன்றம்:

நான் மருந்துக்கடையில் நிற்கிறவன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி வந்து, "அண்ணே, காய்ச்சல் மாத்திரை ஒண்ணே ஒண்ணு" என்றாள். அட்டையிலிருந்து ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "பூனைக்கு எத்தனை வேளைண்ணே?" என்று கேட்டாள். கடையில் கூட்டம். "சின்ன உயிருக்குக் கால்வாசி போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். எனக்கு அப்போது தெரியாது. 500 மாத்திரையில் கால்வாசி என்றாலும் 125 மில்லிகிராம், குட்டிப் பூனைக்கு அது போதும் சாக. அந்தப் பிள்ளை அப்புறம் கடைப் பக்கம் வரவில்லை. அதன் கையில் மருதாணி வைத்திருந்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது யார் வந்தாலும் யாருக்கு என்று கேட்காமல் அட்டையில் கத்தரி வைப்பதில்லை.

வாடிப்பட்டி:

மாத்திரை மட்டும்தானா? நாய் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விட்டு, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெர்மெத்ரின் என்று போட்டிருந்தால் பூனைக்கு அருகிலேயே கொண்டு போகாதீர்கள். நாய்க்குப் போட்டாலும் அது காயும்வரை பூனையை அதோடு படுக்க விடாதீர்கள்.

மேலூர்ப் பக்கம்:

சிரப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். 250 என்று போட்டிருக்கிறது. நாங்கள் மூடியில்தான் ஊற்றினோம், பாதிக்கு மேல் தரையில் போயிற்று. செல்லூர்த் தம்பி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

திருமங்கலம் அக்கா:

தம்பி, அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னீர்களா? வயசானவர்கள் மனசு உடைந்துவிடும். என் அப்பாவிடம் நாங்கள் சொன்ன விதம் சரியில்லை, அதற்கப்புறம் அவர் பூனையை மடியில் வைத்ததே இல்லை.

செல்லூர்க்காரன்:

பரவாயில்லை அண்ணே.

அக்கா, அம்மாவிடம் சொல்லவே இல்லை. காய்ச்சல் முற்றிப் போய்ச் செத்துவிட்டான் என்றுதான் சொன்னேன். கருப்பனைப் பின்பக்க முருங்கையடியில் அவர்தான் பழைய துண்டில் சுற்றிப் புதைத்தார். "நேரத்துக்கு மருந்து கொடுத்தும் நிக்கலியே" என்று இப்போதும் வருகிறவர்களிடம் சொல்வார். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன்.

போன வாரம் தறிக்கூடத்திலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்திருக்கிறார். நேற்று ராத்திரி அது தும்முகிறது என்றார். மாத்திரை டப்பா அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்று வேலை முடிந்து போனதும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். காலைப் பிடித்தது நான்தான் என்பதையும் சேர்த்து.