முள்காட்டை மழைக்குப் பிறகு பாருங்கள்

கடவூர், அய்யலூர் மலைகளில் தேவாங்குக்கு ஒரு சரணாலயம் வேண்டும் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், அங்குள்ள செடிகொடிகளைக் கணக்கெடுத்த குழுவில் நானும் இருந்தேன். பிறகு 2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை அரசு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது.

முதலில் போனது கோடையில். கயிறு கட்டிப் பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் பிடித்து, மரங்களின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் அளந்தோம். உசில், முட்கிளுவை, விடத்தலை, வெட்பாலை, சதுரக்கள்ளி என்று மரக்கணக்கு நன்றாகவே வந்தது. புல்பூண்டுகளுக்காக அதற்குள் போட்ட ஒரு மீட்டர் சதுரங்களில்தான் எழுத ஒன்றுமில்லை. சருகும் கல்லும் மட்டுமே. கோடையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இப்படிப்பட்ட காடுகளைத் தரிசு என்று எழுதிவிடுகிறவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஐப்பசி மழை விழுந்தபின் அதே கட்டங்களுக்குத் திரும்பினோம். மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்த செங்காந்தள் முட்புதர்மேல் ஏறிப் பூத்திருந்தது. சதுரங்களில் புற்களும் பூண்டுகளும் நெருக்கியடித்து முளைத்திருந்தன. கள்ளிமுளையான் என்ற சதைப்பற்றுள்ள சிறு செடி மட்டும் கண்ணில் படவே இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, "வெட்டவெளியில் தேடாதீர்கள் தம்பி, கிளுவைத் தூருக்குள் பாருங்கள்" என்றார். அங்கேதான் இருந்தது, ஆட்டின் வாய் எட்டாத இடத்தில். துவையலுக்குப் பறிக்கிறவர்களுக்கும் அந்த இடம் தெரியுமாம். முள்மரத்தை எண்ணிவிட்டு அதன் அடியைப் பார்க்காமல் போனால் பாதிக் காடு விட்டுப்போகும் என்பதை அவரிடம்தான் படித்தேன்.

கள்ளிமுளையானை மாதிரியாக உலர்த்திப் பாடம் செய்வது தனி வேலை. சதைப்பற்றுள்ள தண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினாலும் லேசில் சாகாது. ஈரம் கசிந்து பூஞ்சை பிடித்துவிடும். கொதிநீரில் முக்கி, நீளவாக்கில் பிளந்து, தினமும் தாள் மாற்றவேண்டும். பூவைத் தனியாக எரிசாராயத்தில் போட்டு வைத்தால்தான் உள்ளமைப்பு கெடாது. ஐயமான மாதிரிகளைத் திருச்சி தூய வளனார் கல்லூரியில் உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ராபினட் உலர்தாவரகத்தில் ஒப்பிட்டோம். தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு அதைப் போன்ற துணை வேறில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தேவாங்கு தாவாது, ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்ததை எட்டும். கிளைகள் தொடாத இடத்தில் அது தரையில் இறங்கியாகவேண்டும். காட்டை ஒட்டிய தோட்டங்களின் கிளுவை வேலிகள் அதற்கு வழியாகின்றன. அந்த வேலிகளில் பிரண்டை, கோவை, குன்றிமணி எல்லாம் படர்ந்து கிடக்கின்றன. ஆனால் முன்மொழிவு வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே இருப்பதால் வேலிகள் வழக்கமாகக் கணக்கில் வருவதில்லை. நாங்கள் அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட்டோம். இதுபோன்ற கணக்கெடுப்புக்குப் போகும் நண்பர்கள் எல்லைக்கல்லோடு நின்றுவிடாமல் வேலிகளையும் எழுதுங்கள். கம்பிவேலியாக மாறிய இடங்களையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.