ஊஞ்சலடி மணலுக்கு அடியில் என்ன விரிக்கலாம்?

வணக்கம் உறவுகளே. வவுனியாப் பக்கம் ஒரு பூங்காவைத் திருத்துகிறோம். சிக்கல் ஊஞ்சலடிதான். கிறவல் தரை வெயிலுக்குச் சீமெந்துபோல இறுகிக் கிடக்குது, விழுகிற பிள்ளைக்கு மண்டை உடையும். கார்த்திகை மழைக்கு அதே பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, இரும்புக்கால் நிலமட்டத்தில் கறள் கட்டுது.

இரட்டை ஊஞ்சலுக்கு 25 அடி நீளம், 12 அடி அகலம். ஒன்றரை அடி தோண்டி, கீழே அரை அடி சல்லி, மேலே ஒரு அடி கழுவின ஆற்றுமணல். மணல் மட்டும் 3 கியூப் (300 கன அடி). கல்தூள் மலிவுதான், ஆனால் நனைந்து காய்ந்தால் இறுகும், வேண்டாம். இருக்கைக்கும் மணலுக்கும் 35 சென்ரிமீற்றர் இடைவெளி விடுகிறோம்.

சல்லிக்குள் மணல் இறங்காமல், தண்ணீர் மட்டும் வடிய இடையில் என்ன விரிக்கலாம்? சணல் சாக்கு உக்கிப் போகும், பொலித்தீன் தண்ணீரை மறிக்கும். வன்னிக்குள் வடிதுணி (மண்ணை மறித்துத் தண்ணீரை மட்டும் விடுகிற துணி, geotextile) றோலாக எங்கே எடுக்கலாம், என்ன விலை? போட்டுப் பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.