அயர்லாந்துக் குடும்பப் பெயரைத் துரத்திய அனுபவம்

மழைக்கோட்டு:
மனைவியின் ஊர் டோனெகல், இனிஷோவன் பக்கம். அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு டோஹெர்ட்டி மேல்தான் விழ வேண்டும். ஆனால் மாமனாருக்குத் தாங்கள் ஓ'டோஹெர்ட்டி என்பதில் பெரிய பெருமை. இங்கிலீஷ்காரன் ஆட்சியிலும் முன்னாடி இருக்கும் ஓ-வை (இன்னார் வழிவந்தவர் என்று அர்த்தம்) விடவில்லையாம். 1901 மக்கள்தொகைப் படிவம் இணையத்தில் இலவசம்தானே, அவர் தாத்தா வீட்டைத் தேடிக் காட்டினேன். ஓ இல்லை, நடுவில் ஒரு ஜி வேறு. கையெழுத்துப் போடும் இடத்தில் வெறும் பெருக்கல் குறி. எழுதியதெல்லாம் கணக்கெடுக்க வந்த கான்ஸ்டபிள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "போலீஸ்காரனுக்கு எழுதத் தெரியல" என்று எழுந்து போய்விட்டார். 1911 படிவத்திலும் ஓ இல்லை. அதை நான் காட்டவில்லை. காட்டலாமா?

குளிர்தேசம்:
எங்கள் பாஸ்டன் மேனேஜர் சல்லிவன். கொள்ளுத்தாத்தா 1870-களில் வந்தபோது எல்லிஸ் தீவு (நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிந்த இடம்) அதிகாரி ஓ-வை வெட்டிவிட்டான் என்று எல்லா பார்ட்டியிலும் சொல்வார்.

கால்வேக்காரி:
எல்லிஸ் தீவு திறந்ததே 1892-ல்தான். முதலில் பதிவானவர் கார்க்கிலிருந்து போன ஆனி மூர் என்ற பெண். அங்கே இருந்தவர்கள் கப்பல் கம்பெனி கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். ஓ பெரும்பாலும் ஊரிலேயே உதிர்ந்தது. 1893-ல் கேலிக் லீக் வந்து, அயர்லாந்து மொழிப் பற்று கிளம்பிய பிறகு பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். என் கதை சின்னது: தோழியோடு கானமாராவில் அவள் குடும்பக் கல்லறைக்குப் போனேன். ஒரே கல்லில் அண்ணன் கானலி, தம்பி கானீலி. கேட்டால், "கல் வெட்டினவன் வேற ஆள்" என்றாள்.

குளிர்தேசம்:
சல்லிவனிடம் சொல்லலாமா? அடுத்த மாதம் அப்ரைசல்.

பழைய தாள்:
கல் வெட்டியவரை விடுங்கள், டவுன் (Down) என்ற மாவட்டத்து ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றில் ஒரே அப்பாவின் மூன்று பிள்ளைகளுக்கு மகினஸ், மெகின்னிஸ், மகென்னிஸ் என்று பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை நம்பவே நம்பாதீர்கள். முதலில் டவுன்லேண்டைப் பிடியுங்கள், அதாவது அங்கே இருக்கும் மிகச் சிறிய நிலப் பிரிவு. அப்புறம் 1847 முதல் 1864 வரையிலான கிரிஃபித் நில மதிப்பீடு, அதற்கும் முன்னால் 1820, 30-களின் தசமபாகக் கணக்கு, அதாவது சர்ச்சுக்குக் கட்டிய வரிக் கணக்கு. கத்தோலிக்கப் பதிவேடுகள் தேசிய நூலகத் தளத்தில் 2015 முதல் இலவசம். பல இடங்களில் லத்தீன், பேட்ரிக் அதில் பேட்ரிசியஸ் ஆகியிருப்பார். எல்லாம் 1922 டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போச்சு என்று யாராவது வருவார்கள். எல்லாம் இல்லை. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அழித்தது. 1881, 1891 முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகப் போனது.

மழைக்கோட்டு:
ஐயா, நான் மாமனாரைப் பற்றித்தான் கேட்டேன்.