ரவுப் தங்கச் சுரங்கத்துக்கு வந்த ஐரிஷ்காரத் தாத்தா, எங்கேர்ந்து தேட ஆரம்பிக்கிறது?

மெந்தகாப் மாலா

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா பகாங்ல மெந்தகாப் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப டவுன்ல இருக்கேன். எங்கம்மாவோட பாட்டி அதே பகாங்ல ரவுப்ல பொறந்தவங்க, அவங்க அப்பா ஒரு வெள்ளக்காரர், ரவுப் தங்கச் சுரங்கத்துல வேல பாத்தவரு, ஐரிஷ்காரர்னு சொல்லுவாங்க. இது வீட்டுல எல்லாருக்கும் தெரியும் ஆனா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, கல்யாணம் காட்சில யாராச்சும் எங்க மாமாவோட பூனக்கண்ணப் பாத்து கிண்டல் பண்ணுவாங்க, பெரியம்மா மொறச்சதும் பேச்சு அதோட நின்னுடும்.

இப்ப என் கையில இருக்கறது ரெண்டே சாமான்தான். ஒன்னு அந்தப் பாட்டியோட ஞானஸ்நானப் பேப்பர், 1897, லத்தீன்ல எழுதியிருக்கு, அப்பா பேரு இருக்கு, பக்கத்துல ஹிபெர்னியான்னு போட்டிருக்கு, லத்தீன்ல அயர்லாந்துன்னு அர்த்தம், அம்மா பேரு வெறும் மரியா. இன்னொன்னு அவரோட போட்டோ, பின்னால ஸ்டூடியோ முத்திரையில சார்ட்டர்ஸ் டவர்ஸ்னு இருக்கு. பாட்டிக்கு ரெண்டு மூனு வயசு இருக்கும்போது ஆளு கெளம்பிப் போனவரு, அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்ல.

நான் அயர்லாந்து 1901 சென்சஸ் ஃப்ரீயா இருக்கேன்னு அதுல தேடினேன், அதே பேர்ல ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க லா, எந்த மாவட்டம்னு தெரியாம எப்படி புடிக்கிறது? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தெரியுமா? பேர இங்க முழுசா போட விரும்பல, ரொம்ப சாதாரண ஐரிஷ் பேருதான், நம்ம ஊர்ல முனியாண்டி மாதிரி.

ரவுப்காரன்

வாங்க மாலா, நம்ம ஊர் கதை. ரவுப்ல தங்கம் தோண்டினது ஆஸ்திரேலியா கம்பெனிதான், வில்லியம் பிப்பின்னு ஒருத்தரு 1889ல ஆரம்பிச்சாரு, ரவுப் ஆஸ்திரேலியன் கோல்டு மைனிங் கம்பெனின்னு பேரு, புக்கிட் கோமான் பக்கம் எல்லாம் அவங்க தோண்டின எடம். கரண்டுக்காக செம்பாம் ஆத்துல தண்ணி மின்சார நிலையம் கட்டினாங்க, 1900 வாக்குல, மலேசியாவுலயே மொதல் மொதல்ல வந்ததுல அதுவும் ஒன்னு. ஆழத்துல பாறைய ஒடச்சு தங்கம் எடுக்கற வேலைக்கு அனுபவம் வேணும், அதனால ஆஸ்திரேலியா சுரங்கத்துல பழகின ஆளுங்க இங்க வந்தாங்க. அதுனால ஒங்க போட்டோ முத்திரை சும்மா இல்ல, சார்ட்டர்ஸ் டவர்ஸ் குயின்ஸ்லாந்துல இருக்கற தங்க ஊரு.

ஒன்னு செய்யுங்க, சிங்கப்பூர் நேஷனல் லைப்ரரி பழைய பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணி நியூஸ்பேப்பர்எஸ்ஜின்னு சைட்ல ஃப்ரீயா வச்சிருக்காங்க. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ் ரெண்டுலயும் ரவுப் மைன் செய்தி வந்துகிட்டே இருக்கும், விபத்து, ஆளு செத்தது, லீவுல போனது, கிரிக்கெட் ஆடினது வரைக்கும். குடும்பப் பேரு கூட ரவுப்னு சேத்துத் தேடுங்க, தனியா பேரப் போட்டா மலாயா முழுக்க இருந்த போலீஸ்காரனும் தோட்டத்து தொரையும் வந்து நிப்பான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மாலா, மொதல்ல அயர்லாந்த மூடி வைங்கம்மா. எல்லாரும் அங்கேயே நேரா போயி முட்டிக்கிறாங்க. 1901க்குள்ள ஒங்க ஆளு அயர்லாந்துக்கே திரும்பியிருந்தாத்தான் அந்த சென்சஸ்ல இருப்பாரு, அது சந்தேகம்தான், கெழவனான அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க வேணா இருக்கலாம், அதுவும் அவங்க பேரு தெரிஞ்சாத்தான் பிரயோஜனம். அதுக்கு முந்தின சென்சஸ் பாக்கலாம்னா ஏறக்குறைய எல்லாம் போச்சு. 1821லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்தது பெரும்பாலும் 1922 ஜூன் 30ந்தேதி டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ல சண்டை நடந்தப்ப ஆவணக் காப்பகத்தோட எரிஞ்சுது, 1861, 1871 எடுத்தத அரசாங்கமே அழிச்சிருச்சு, 1881, 1891 மொதல் உலகப் போர் சமயத்துல காகிதக் கூழாக்கிட்டாங்க. எல்லாருக்கும் சேத்து பொறப்பு பதிவு அங்க ஆரம்பிச்சதே 1864லதான், ஒங்க ஆளு அதுக்கு முந்தி பொறந்திருந்தா கோயில் ரெஜிஸ்டர்தான் கதி.

நல்ல சேதி என்னன்னா ஆஸ்திரேலியாக்காரன் எழுதி வச்சிருக்கான். தங்கம் தேடிப் போனவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான், 1851ல விக்டோரியால பாலராட், பெண்டிகோ, 1861ல நியூசிலாந்து ஒட்டாகோ, அப்புறம் அங்கேயே மேற்குக் கரை ஹோக்கிடிகா, 1867ல குயின்ஸ்லாந்து ஜிம்பி, 1872 வாக்குல சார்ட்டர்ஸ் டவர்ஸ், 1873ல பால்மர் ஆறு, இப்படி எங்க பேச்சு அடிபடுதோ அங்க ஓடுவான். ஐரிஷ்காரனுங்க இதுல ரொம்ப பேரு, 1854ல பாலராட்ல லைசென்ஸ் காசு பிரச்சினைல யுரேகா தடுப்பு வேலிக்குள்ள நின்னு பட்டாளத்தோட மோதினாங்களே அவங்களுக்குத் தலைவன் பீட்டர் லேலோர் ஐரிஷ்காரன்தான், கை ஒன்னு போச்சு அவனுக்கு, பின்னால அதே விக்டோரியா பார்லிமெண்டுல சபாநாயகர் ஆனான். சரி, கதை எதுக்கு வந்துச்சுன்னா, ஒவ்வொரு ஊர்லயும் இவனுங்க ஒரு சுவடு விட்டுட்டுப் போயிருப்பானுங்க, நீங்க ரவுப்லேர்ந்து பின்னால நடக்கணும். ரவுப், அதுக்கு முந்தி சார்ட்டர்ஸ் டவர்ஸ், அதுக்கு முந்தி கப்பல், கடைசியாத்தான் அயர்லாந்து.

குயின்ஸ்லாந்து பொறப்பு இறப்பு கல்யாணப் பதிவு இன்டெக்ஸ் ஆன்லைன்ல ஃப்ரீயா தேடலாம், முழுப் பத்திரம் வேணும்னாதான் காசு. அந்தக் கல்யாணப் பத்திரத்துல பொறந்த எடம், அப்பா அம்மா பேரு எழுதுவாங்க. மனசுல வச்சுக்குங்க, இங்க வர்றதுக்கு முந்தி அவருக்கு அங்க ஒரு குடும்பம் இருந்திருக்கலாம், இருந்தா ஆச்சரியப்பட வேணாம், தேடறவங்களுக்கு அது ஒதவிதான். இறப்புப் பத்திரம் அதைவிட ஒசத்தி, அப்பா அம்மா பேரு, பொறந்த எடம், ஆஸ்திரேலியால எத்தன வருஷம், எங்க கல்யாணம், பிள்ளைங்க பேரு எல்லாம் இருக்கும். ஆனா அத சொன்னது யாருன்னு கீழ பாருங்க. மகனோ மகளோ சொல்லியிருந்தா நம்பலாம், பக்கத்துக் கூடாரத்து ஆளு சொல்லியிருந்தா பாதி எடத்துல தெரியாதுன்னுதான் இருக்கும்.

ட்ரோவ்னு ஆஸ்திரேலியா நேஷனல் லைப்ரரி சைட், அதுல சார்ட்டர்ஸ் டவர்ஸ்ல ஓடின நார்தர்ன் மைனர் பேப்பர் இருக்கு, தாடியஸ் ஓகேன்னு ஒரு ஐரிஷ்காரர்தான் ரொம்ப வருஷம் அத நடத்தினாரு. யாரு எந்தக் குழியில அடிபட்டான், யாரு வெளிநாடு கெளம்பினான் எல்லாம் போடுவாங்க. பேர ஓ வச்சும் ஓ இல்லாமலும் தேடுங்க, ஓசல்லிவன் ஒரு பேப்பர்ல சல்லிவனா இருப்பான், மெக் வர்ற பேருக்கும் அதே கதைதான். ஞானஸ்நானப் பேப்பர்ல பேரு லத்தீனாக்கி இருக்கும், ஜாகோபுஸ்னு இருந்தா ஜேம்ஸ்னு தேடணும், குலியெல்முஸ்னா வில்லியம்.

சும்மா_எட்டிப்பாத்தவன்

அக்கா ஐரிஷ் பாஸ்போர்ட் கெடைக்குமா இதுல? கெடைச்சா நானும் எங்க வீட்ல ஒரு வெள்ளக்காரர தேடறேன் 😄

பெர்த் ஜெயந்தி

கெடைக்காது தம்பி. தாத்தா பாட்டி யாராச்சும் அயர்லாந்து தீவுல பொறந்திருந்தாத்தான் சந்ததி வழியா உரிமை கேக்க முடியும். அதுக்கு மேல போனா, நீங்க பொறக்கறதுக்கு முந்தியே ஒங்க அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டுப் பொறப்புப் பதிவேட்டுல பேரு போட்டிருக்கணும். மாலாவுக்கு இது அஞ்சாவது தலமொற, அந்த வழி கெடையாது.

மாலா, நான் பெந்தோங் ஆளு, கல்யாணம் ஆயி பெர்த்ல இருக்கேன். ஒங்க ஆளு கெளம்பினது 1900 வாக்குலன்னு கணக்கு வருது இல்லயா, அப்ப அவரு குயின்ஸ்லாந்துக்கே திரும்பினாருன்னு முடிவு பண்ணாதீங்க. அந்தச் சமயத்துல எல்லா சுரங்கக்காரன் கண்ணும் எங்க மேற்கு ஆஸ்திரேலியா பக்கம்தான், 1892ல கூல்கார்டி, 1893ல கல்கூர்லி. கல்கூர்லி தங்கத்த கண்டுபுடிச்ச பேடி ஹானன் கூட ஐரிஷ்காரர், கிளேர் மாவட்டம் குவின்னு சின்ன ஊரு. 1862ல மெல்போர்ன் வந்து எறங்கினவரு, பாலராட், நியூசிலாந்து எல்லாம் சுத்திட்டு இங்க வந்து சேரும்போது அம்பது வயசு தாண்டிருச்சு, செத்தது 1925ல, மறுபடி மெல்போர்ன்ல. அவரோட வாழ்க்கைய மேப்ல வரைஞ்சு பாருங்க, ஒங்க தாத்தாவும் ஏறக்குறைய அந்த மாதிரிதான் சுத்தியிருப்பாரு. மேற்கு ஆஸ்திரேலியா பதிவு இன்டெக்ஸும் ஆன்லைன்ல ஃப்ரீ. அந்தக் காலத்துல கூல்கார்டி, கல்கூர்லில டைஃபாய்டு வந்து எளவயசு ஆளுங்க நெறைய செத்தாங்க, அதனால 1900க்கு அப்புறம் ஒடனே ஒரு இறப்பு இருக்கான்னு பாத்துடுங்க.

இன்னொரு எடம் யாரும் சொல்ல மாட்டாங்க. கடைசி காலத்துல கையில காசில்லாம, பாக்க ஆளில்லாம போன கெழட்டு சுரங்கக்காரங்கள குயின்ஸ்லாந்துல டன்விச் பெனவலண்ட் அசைலம்னு ஒரு தீவு ஆதரவு இல்லத்துல சேப்பாங்க, ஸ்ட்ராட்புரோக் தீவுல, 1865லேர்ந்து 1946 வரைக்கும் நடந்துச்சு. சேக்கும்போது ஆள உக்கார வச்சு கேப்பாங்க, எங்க பொறந்த, அப்பா யாரு, எப்ப வந்த, எந்தெந்த ஊர்ல வேல செஞ்சன்னு, அத அப்படியே ரெஜிஸ்டர்ல எழுதியிருப்பாங்க. குயின்ஸ்லாந்து ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்ல பேரு இன்டெக்ஸ் இருக்கு. நமக்கு மனசு கஷ்டமா இருக்கும் அங்க ஆளு கெடைச்சா, ஆனா ஒரே பக்கத்துல முழு வாழ்க்கையும் கெடைக்கும்.

அதே ஆர்க்கைவ்ஸ்ல அரசாங்கச் செலவுல கப்பல்ல வந்தவங்க இன்டெக்ஸும் இருக்கு, 1848லேர்ந்து 1912 வரை. பிரிஸ்பேன் பிஷப் ஜேம்ஸ் குவின் 1862லேர்ந்து சில வருஷம் ஆயிரக்கணக்கான ஐரிஷ்காரங்கள கப்பல் கப்பலா கொண்டு வந்தாரு, அந்தக் கூட்டத்துல ஒரு குடும்பமா வந்த பையனா கூட இவரு இருக்கலாம்.

டிஎன்ஏ பத்தி. ஒங்களுக்கு அவரு அம்மாவோட பாட்டிக்கு அப்பா, அதாவது சராசரியா ஒங்ககிட்ட 6 சதவீதம் சொச்சம்தான் அவரோடது. ஒங்க அம்மாகிட்டயோ பூனக்கண்ணு மாமாகிட்டயோ எடுத்தா 12 சதவீதம் வரைக்கும் வரும், வயசுல மூத்தவங்ககிட்ட எடுக்கணும்னு சொல்றது இதுக்குத்தான். சதவீதத்தப் பாத்து சந்தோஷப்பட்டு மூடிடாதீங்க, மேட்ச் லிஸ்ட்ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆளுங்க வருவாங்க, அவங்க எல்லாருக்கும் பொதுவா எந்தக் குடும்பம், எந்த மாவட்டம்னு பாத்தா அயர்லாந்துல எங்க தேடணும்னு சுருங்கிடும்.

மெந்தகாப் மாலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கவே இல்ல. மாமா டெஸ்டுக்கு சரின்னுட்டாரு. பெரியம்மாதான் கத்துறாங்க, பொம்பளப் புள்ளைய விட்டுட்டு ஓடினவனுக்கு இவ்வளவு மரியாதையான்னு. அதுக்கு எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஒரு சந்தேகம், மாவட்டம் தெரிஞ்சா அப்புறம் அயர்லாந்துல என்ன பண்ணனும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

பெரியம்மா கேட்டது ஞாயம்தான், அவங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

மாவட்டம் மட்டும் போதாது, கோயில் பங்கு, அதாவது எந்தக் கோயிலச் சேந்த வட்டாரம்னு தெரியணும், முடிஞ்சா டவுன்லேண்டுன்னு சொல்ற குட்டி கிராமம், அது 60,000க்கு மேல இருக்கு அங்க. கத்தோலிக்கக் கோயில் ரெஜிஸ்டர அயர்லாந்து நேஷனல் லைப்ரரி 1880 வரைக்கும் போட்டோ எடுத்து ஃப்ரீயா போட்டிருக்கு. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுமை வேணும். கூடவே கிரிஃபித்ஸ் வேல்யூவேஷன், 1847லேர்ந்து 1864க்குள்ள நெல வரிக்காக எடுத்த கணக்கு, சென்சஸ் எரிஞ்சதால இதுதான் இப்ப எல்லாருக்கும் கைத்தடி. ஆனா குடும்பத் தலைவன் பேரு மட்டும்தான் இருக்கும், அதனால தேட வேண்டியது தாத்தா பேர இல்ல, அவரோட அப்பா பேர. அந்தப் பேரு எங்கேர்ந்து வரும்? ஆஸ்திரேலியா பத்திரத்துலேர்ந்து. அதுக்குத்தான் மொதல்லயே அயர்லாந்த மூடச் சொன்னேன்.

ரவுப்காரன்

எல்லாரும் வெள்ளக்காரர் பின்னாடியே ஓடுறோம், நான் ஒன்னு கேக்கறேன், அந்த மரியா யாரு? அவருக்கு கப்பல் ரெக்கார்டு, கல்யாண ரெக்கார்டு, ஆசுபத்திரி ரெக்கார்டு, பேப்பர் செய்தி எல்லாம் இருக்கு, அந்தம்மாவுக்கு ஞானஸ்நானப் பேப்பர்ல ஒரு வார்த்த. பாட்டிக்கு சோறு போட்டு வளத்தது அவங்கதானே. அந்தக் காலத்துல மலாயாவுல கத்தோலிக்கக் கோயில் வேல பாத்தது பெரும்பாலும் பாரீஸ் மிஷன் சாமியாருங்க, பகாங் இப்ப கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்துக்குக் கீழ வருது, அங்க எழுதிக் கேளுங்க, பழைய ரெஜிஸ்டர் எங்க இருக்குன்னு. ரெஜிஸ்டர்ல பேப்பர விட அதிகமா இருக்கும் சில சமயம், ஞானத்தாய் ஞானத்தகப்பன் யாருன்னு பாருங்க, அவங்க தமிழாளுங்களா இருந்தா மரியாவோட சொந்தக்காரங்களா இருக்க வாய்ப்பு இருக்கு. மரியாவே பெரியவளாயி ஞானஸ்நானம் வாங்கியிருந்தா அவங்களோட பழைய பேரும் அப்பா பேரும் எங்கயாச்சும் ஒரு வரியில இருக்கலாம்.

மெந்தகாப் மாலா

இத பெரியம்மாகிட்ட சொன்னேன் ரவுப்காரன் அண்ணே, அவங்க பாட்டி சொல்லக் கேட்டதுன்னு ஒன்னு சொன்னாங்க, மரியாவோட அண்ணன் ஒருத்தரு ரோடு போடற வேலைல மண்டோரா, அதான் மேஸ்திரியா, இருந்தாராம், பேரு சவரிமுத்துவாம். இத்தன வருஷத்துல இப்பதான் வாயத் தொறக்கறாங்க. ஞானஸ்நானப் பேப்பர்ல ஞானத்தகப்பன் எடத்துல எஸ்ல ஆரம்பிக்கற ஒரு பேரு இருக்கு, மை கலைஞ்சிருக்கு.

ஓய்வுபெற்ற வாத்தியார்

சவேரியுஸ்னு இருக்கா பாருங்க, அப்படி இருந்தா எழுத்து எக்ஸ்ல ஆரம்பிக்கணும், எஸ்னா வேற ஆளாவும் இருக்கலாம், இல்ல தமிழ்ப் பேர அப்படியே எழுதியிருக்கலாம். வெளிச்சத்துல வச்சு ஸ்கேன் பண்ணுங்க, தாத்தா பேர மறைச்சிட்டு அந்த வரிய மட்டும் இங்க போடுங்க.