கன்சோலுக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி நூலகங்களுக்கான கணினி வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். விளையாடுவதற்கென்றே செய்த கருவிகளையும், நூறு வேலைகளுக்கு நடுவே விளையாடவும் இடம் கொடுக்கும் கருவிகளையும் அத்தியாயம் முழுக்க எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறார்கள். 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, 1977இன் அட்டாரி, 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம், பின்னால் வந்த பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாம் முதல் வகை. மேசைக் கணினியும் கைப்பேசியும் இரண்டாம் வகை.

இரண்டாவதற்குப் 'பன்னோக்குக் கருவி' என்று போட்டுவிட்டேன். முதலாவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. இதுவரை 'கன்சோல்' என்றே எழுதி வந்திருக்கிறேன். 'விளையாட்டுக் கணினி' என்றால், விளையாடுவதற்காக விலை கூடிய பாகங்கள் போட்டுக் கட்டும் மேசைக் கணினி என்று ஆகிவிடும். அது மறுபக்கத்தில் இருக்க வேண்டியது. இன்னொன்றும் இருக்கிறது. ஃபேமிகாம் என்பது 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம். பெயரே கணினி என்கிறது. ஆகவே 'கணினி அல்லாதது' என்று பொருள் தரும் சொல்லும் உதவாது. கைகொடுங்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, முதலில் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். கன்சோல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மாடத்தையோ பலகையையோ தாங்கச் சுவரிலிருந்து நீளும் தாங்குகல் என்பது அதன் பழம்பொருள். பிறகு ஆர்கன் வாசிப்பவர் அமரும் கட்டை வரிசைக்குப் பெயரானது. பிறகு தரையில் நிற்கும் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு.

தாங்குகல்லுக்கு நம்மிடம் பழுத்த சொல் இருக்கிறது: போதிகை. தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு. பல்லவர் போதிகையில் அலையலையாகத் தரங்கம் ஓடும். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டது. விசயநகர, நாயக்கர் காலத்தில் நுனியில் மொட்டுத் தொங்கும் பூமுனைப் போதிகை ஆயிற்று. வடிவம் இத்தனை மாறியும் பெயர் மாறவில்லை. உங்கள் கருவிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உருவம் மாறுகின்றன அல்லவா? 'ஆட்டப்போதிகை' என்று வையுங்கள். நிலைக்கும்.

யாழ்ப்பாணம், நிரலாளர்:

ஐயா, போதிகை அழகான சொல்தான். ஆனால் அது கன்சோல் என்ற பிறமொழிச் சொல்லைத் தமிழாக்குகிறதே தவிர, அந்தக் கருவிக்குப் பெயர் வைக்கவில்லை. சொல்லைத் துரத்தினால் இன்னொரு குழியும் உண்டு. கணினித் துறையில் கன்சோல் என்றால் கட்டளைகளைத் தட்டும் திரை. அதற்குப் 'பணியகம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் நாட்டிலோ பணியகம் என்றதும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்தான் நினைவுக்கு வரும். அதன் வாசலில் நாள் முழுக்க வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளிடம் 'பணியகத்தில் விளையாடு' என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

என் பரிந்துரை 'ஆடுபொறி'. ஆடுகளம் போல வினைத்தொகை. ஆடிய, ஆடுகின்ற, ஆடும் என்று முக்காலமும் அடங்கும். ஜப்பானியர் 'கேமு-கி' என்கிறார்கள். 'கி' என்றால் பொறி. சீனச் சொல்லுக்கும் விளையாட்டுப் பொறி என்பதே பொருள். நான்கே எழுத்து. 'ஆடுபொறியாளர்', 'கையடக்க ஆடுபொறி' என்று மேலும் சொற்கள் கிளைக்கும்.

சேலம், பள்ளி ஆசிரியை:

ஆடுபொறியை நேற்று ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். முதல் வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "எலிப்பொறி போல ஆடு பிடிக்கும் பொறியா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. அவள் வீட்டில் ஆடுகள் இருக்கின்றன. பொறி என்றால் அவளுக்கு எலிப்பொறி, தீப்பொறி, இரண்டும்தான். அண்ணன் சொல்லும் வினைத்தொகையும் இலக்கணப்படி சரி, அவள் கேள்வியும் இலக்கணப்படி சரி.

விளையாட மட்டுமே ஒரு கருவி என்றதும் வகுப்பே வியந்தது. கைப்பேசி இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டார்கள். இன்று காலை ஒரு மாணவன் தன் அப்பாவின் பழைய விளையாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டு வந்தான். மஞ்சள் பிளாஸ்டிக், உள்ளங்கை அளவு. முகப்புத் தாள் பாதி கிழிந்திருந்தது. அடிப்பக்கம் திருப்பினால் வரிசையாகச் செம்புப் பற்கள். ஒரு மூலையில் பச்சை பிடித்திருந்தது. படம் வராவிட்டால் அங்கே வாயால் ஊத வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். மொத்தக் கருவிக்கும் அவர்கள் வீட்டில் பெயர் 'டிவி கேம்'. மற்றவர்களுக்கு அவன் விளக்கியபோது, "டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி" என்றான். எனக்கு அதில் சொல் கிடைத்துவிட்டது: 'விளையாட்டுப் பெட்டி'. தொலைக்காட்சிப் பெட்டி, வானொலிப் பெட்டி என்று பெட்டிக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே இடம் இருக்கிறது.

கோவை, மின்னணுப் பொறியாளர்:

எல்லோரும் உருவத்தையே பார்க்கிறீர்கள். இரண்டையும் பிரிப்பது உருவம் அன்று, பூட்டு. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்தால் இண்டெல் செயலியும் வன்தட்டும் இருக்கும். கணினிக்கு என்ன குறை? யார் அனுமதித்த நிரல் அதில் ஓடும் என்பதுதான் வேறுபாடு. 2006இன் பிளேஸ்டேஷன் 3 முதலில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை நிறுவ இடம் கொடுத்தது. அமெரிக்க விமானப்படை ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கோத்து மீக்கணினி ஒன்றைக் கட்டியது. 2010இல் சோனி ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் லினக்ஸ் வாசலை அடைத்தது. அதே பெட்டி, ஒரே இரவில் பன்னோக்கு போய் ஒருநோக்கு ஆகிவிட்டது.

பெயர் வைப்பதில் பணமும் இருக்கிறது. உலகச் சுங்க வகைப்பாட்டில் கணினி 84ஆம் அதிகாரத்தில் இயந்திரங்களோடு நிற்கிறது; கன்சோல் 95ஆம் அதிகாரத்தில் பொம்மைகளோடு. ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2உடன் சோனி ஒரு பேசிக் நிரல்மொழியையும் சேர்த்துக் கொடுத்தது. கணினி என்று ஏற்றுக்கொண்டால் வரி மிச்சம். வழக்கு நடந்து, அதை விளையாட்டுக் கருவி என்று வகைப்படுத்திய விதியை 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. சீனா 2000இல் கன்சோல் விற்பனையைத் தடை செய்தது. கணினியில் விளையாடுவது தொடர்ந்து செழித்தது. தடை முழுதாக நீங்க 2015 ஆயிற்று. ஒரு சொல்லின் எல்லைக்கு அவ்வளவு வலிமை. ஆகவே 'பெட்டி' போதாது. 'தனிநோக்கு ஆட்டக்கருவி' என்று வரையறையோடு வையுங்கள்.

யாழ்ப்பாணம், நிரலாளர்:

பூட்டுத்தான் அளவுகோல் என்றால் ஃபேமிகாமை எங்கே வைப்பீர்கள்? அனுமதி இல்லாத கேசட்டை ஓடவிடாத பூட்டுச் சில்லு 1985இல் அமெரிக்காவுக்குப் போன பதிப்பில்தான் சேர்ந்தது. ஜப்பானியப் பெட்டியில் அது இல்லை. அதனால்தான் அதன் நகல்கள் ஆசியா முழுவதும் பெருகின. அக்கா வகுப்புக்கு வந்த மஞ்சள் கேசட்டும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். 1984இல் ஃபேமிகாமுக்கு விசைப்பலகையும் பேசிக் மொழியும்கூட விற்றார்கள். ஆனாலும் அது ஆடுபொறி என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. எதற்கென்று செய்தார்கள் என்பதைத்தான் பெயர் சொல்ல வேண்டும்.

பொறிக்கு இரண்டே பொருள் என்று விட்டுவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் 'வளைவிற் பொறி' இருக்கிறது. தானே வளைந்து அம்பு எய்யும் இயந்திரம். பொறியியல் கல்லூரி என்று பலகை எழுதும்போது எலி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கும்பகோணம், பேராசிரியர்:

போதிகையைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி சொன்ன காரணம் சரி. ஆனால் விளையாட்டு என்ற நீண்ட சொல்லைச் சுமக்கத்தான் வேண்டுமா? 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்கிறது தொல்காப்பிய உரியியல். பண்ணை என்றாலே விளையாட்டு. 'பண்ணைப்பெட்டி' என்றால் செறிவு. குறுந்தொகையின் 'ஓரை ஆயம்' விளையாட்டுத் தோழியர் கூட்டம். 'ஓரைப்பெட்டி' என்றும் வைக்கலாம்.

சேலம், ஆசிரியை:

ஐயா, பண்ணை என்றால் என் மாணவர்களுக்குக் கோழிப்பண்ணை. ஓரை என்றால் வீட்டு நாட்காட்டியின் சுக்கிர ஓரை. இந்தப் பழைய பொருளை வகுப்பில் நிச்சயம் சொல்லிக் கொடுப்பேன், தலைப்பில் வைக்க மாட்டேன்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொரு மணி. விளையாட்டுப் பெட்டிக்கு ஐந்து பேர், ஆடுபொறிக்கு இரண்டு பேர், தனிநோக்கு ஆட்டக்கருவிக்கு ஒருவர். ஐவரில் இருவர், வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்வதாகத் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். நூலில் 'விளையாட்டுப் பெட்டி' போகிறது. முதலில் வரும் இடத்தில் 'கன்சோல் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். கோவை அண்ணன் சொன்ன பூட்டை வரையறைப் பத்தியில் வைத்துவிட்டேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், கையில் பிடித்து விளையாடும் மெல்லிய பலகை. 'கையடக்க விளையாட்டுப் பெட்டி' என்று எழுதினேன். அது பெட்டி போலவே இல்லை.

யாழ்ப்பாணம், நிரலாளர்:

கையடக்க ஆடுபொறி என்றால் உறுத்தாது, அக்கா. அச்சுக்குப் போகக் காலைவரை நேரம் இருக்கிறது.