இரட்டைக் கம்பியில் திரும்பி வரும் அலை

பணகுடி வாசகர்:
காற்றாலையிலிருந்து 300 மீட்டர் தொலைவிலுள்ள அறைக்கு ஆர்எஸ்-485 (இரட்டைக் கம்பியில் தரவு அனுப்பும் முறை) கேபிள் இழுத்திருக்கிறோம். 9,600 பாட் (இங்கே விநாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் ஒழுங்காக வந்த அளவீடுகள், 1,15,200-க்கு உயர்த்தியதும் சிதைகின்றன. காரணம் என்னவாக இருக்கும்?

பாளையங்கோட்டை வாசகர்:
கம்பியில் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்திலேயே செல்வதால், 300 மீட்டர் போய்த் திரும்ப 3 மைக்ரோவிநாடி ஆகிறது. 9,600-இல் ஒரு பிட் 104 மைக்ரோவிநாடி நீடிப்பதால், முனையில் பட்டுத் திரும்பும் அலை அதற்குள் அடங்கிவிடும். 1,15,200-இல் பிட்டின் நீளமே 8.7 மைக்ரோவிநாடிதான்; திரும்பும் அலை பிட்டையே சிதைத்துவிடும். அலை திரும்பாமலிருக்க இரு கடைக்கோடிகளிலும் 120 ஓம் மின்தடை வையுங்கள். இடையிலுள்ள கருவிகளில் வேண்டாம்.

அம்பாசமுத்திரம் வாசகர்:
கம்பிகள் முறுக்கப்பட்டவைதானா? அப்படியிருந்தால்தான் மோட்டார் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ரிசீவரில் கழிந்துபோகும்.

பணகுடி வாசகர்:
முறுக்கியவைதான், அண்ணாச்சி. அறை முனையில் மின்தடையே இல்லை. பொருத்தியதும், சமிக்ஞையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் படிக்கட்டாகத் தெரிந்த விளிம்பு நேராகிவிட்டது.